துன்பத்தின் நடுவே விசுவாசத்தைக் காத்துக்கொள்வது எப்படி: புதிதாக அந்த வழியில் நடப்பவர்களுக்கு

தீராத நோயோ, ஒரு மரணமோ, கைவிட்டுப்போன வாழ்க்கைத் துணையோ, ஏதோ ஒன்று உங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. நேற்று வரை தடையில்லாமல் வந்த ஜெபம் இன்று வாயில் வரவில்லை. ஆராதனையில் எல்லோரும் கைதட்டிப் பாடும்போது உங்களுக்கு மட்டும் தொண்டை அடைக்கிறது. என் மனைவியின் நீண்ட நோயிலும், அவள் போன பிறகு வந்த ஆண்டுகளிலும் இந்த வழியில் நடந்தவன் நான். ஆறுதல் சொன்னவர்கள் நிறையப் பேர். அடுத்த நாள் காலை எழுந்து என்ன செய்யவேண்டும் என்று வரிசையாகச் சொன்னவர்கள் மிகக் குறைவு. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். விசுவாசம் என்றால் நெஞ்சில் ஓர் உறுதி எந்நேரமும் குறையாமல் இருப்பது என்று எண்ணினால் சீக்கிரமே சோர்ந்துபோவீர்கள். உணர்ச்சி வரும், போகும். இந்த நாட்களில் நீங்கள் காக்க வேண்டியது ஒன்றுதான்: ஆண்டவரிடம் பேசுவதை நிறுத்தாதீர்கள். அழுதுகொண்டு பேசலாம், கோபமாகப் பேசலாம். யோபு புத்தகத்தைக் கவனித்துப் படியுங்கள். அவருடைய நண்பர்கள் பக்கம் பக்கமாகத் தேவனைப் பற்றிப் பேசுகிறார்கள். தேவனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. யோபுவோ தான் பிறந்த நாளையே சபிக்கிறார், தேவனோடு வழக்காடுகிறார், ஆனால் அவர் முகத்தைப் பார்த்தே பேசுகிறார். கடைசி அதிகாரத்தில் தேவன் கோபப்படுவது அந்த நண்பர்கள்மேல்தான். யோபு தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசியதாக அவரே சாட்சி சொல்கிறார்.

1. முதலில் உடம்பைப் பாருங்கள்

இதை முதல் படியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. விசுவாசம் போய்விட்டது என்று நாம் பயப்படும் பல நேரங்களில் உண்மையில் போயிருப்பது தூக்கம்.

1 இராஜாக்கள் 19-ல் எலியா ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சொல்லி, சாகவேண்டும் என்று கேட்கிறார். தேவதூதன் வந்து அவரைக் கண்டிக்கவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பி உணவு கொடுத்து, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான். தேவன் எலியாவோடு பேசுவது அதற்கப்புறம்தான்.

ஆகவே இன்று இரவு முழு இராத்திரி ஜெபத்துக்குப் போவதா, ஆறு மணி நேரம் தூங்குவதா என்று வந்தால் தூங்குங்கள். நோயாளியைக் கவனிப்பவர் என்றால் உபவாசத்தை இப்போதைக்கு ஒத்திவையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். பெரும்பாலான நாட்களில், பெரும்பாலான நேரம், இரண்டு வாரத்துக்கு மேலாக மனம் இருண்டே கிடக்கிறது, எதிலும் ஈடுபாடு இல்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால் மருத்துவரைப் பாருங்கள். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு ஆகாது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு, அருகில் இருக்கும் ஒருவரிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், அவசர உதவியைக் கூப்பிடுங்கள்.

2. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

துன்பம் முற்றிய நேரத்தில் வேதத்தில் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று தேடும் தெம்புகூட இருக்காது. ஓரளவு தெளிவாக இருக்கும் ஒரு நாளில் இவற்றைத் தயார் செய்து வைத்துவிடுங்கள்.

சங்கீதப் பட்டியல்: 6, 13, 22, 42, 43, 69, 77, 88, 130, 142. இந்த எண்களை ஒரு தாளில் எழுதி வேதாகமத்தின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள், போனிலும் குறித்துக்கொள்ளுங்கள். சங்கீதங்களில் பெரும் பகுதி புலம்பல்தான். நாம் சபையில் துதியின் சங்கீதங்களையே திரும்பத் திரும்ப வாசிப்பதால் அது நமக்குத் தெரியாமல் போகிறது.

ஒரு நோட்டு: சாதாரண நோட்டு போதும். தேதி போட்டு, அன்று ஆண்டவரிடம் சொன்ன ஒரு வாக்கியம், முடிந்தால் அன்று நடந்த ஒரு நல்ல காரியம். "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும், அவைகள் உம்முடைய கணக்கில் அல்லவோ இருக்கிறது?" என்று சங்கீதம் 56 கேட்கிறது. அந்தக் கணக்கின் ஒரு பிரதி உங்கள் கையிலும் இருக்கட்டும். என் நோட்டில் ஒரு பக்கத்தில் தேதிக்குக் கீழே "ஏன் பேசமாட்டேன் என்கிறீர்" என்று மட்டும் இருக்கிறது. அதற்கடுத்த வரியில், "நர்ஸ் போர்வை கொண்டுவந்து தந்தார்." இரண்டும் ஒரே நாளில் உண்மையாக இருந்தன.

ஒரு சிறு ஜெபம்: சொந்த வார்த்தை வராத நாளுக்காக. பரமண்டல ஜெபம் போதும். இல்லையென்றால் மாற்கு 9-ல் நோய்வாய்ப்பட்ட மகனின் தகப்பன் கண்ணீரோடு சொன்னது: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." இப்படிப் பாதி விசுவாசத்தோடு கேட்டவனை இயேசு திருப்பி அனுப்பவில்லை.

3. புலம்பக் கற்றுக்கொள்ளுங்கள்

முறுமுறுப்பதும் புலம்புவதும் ஒன்று என்று நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். முறுமுறுப்பவர் ஆண்டவருக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு மற்றவர்களிடம் பேசுகிறார். புலம்புகிறவர் அவரிடமே கொண்டுபோகிறார்.

பழகுவதற்குச் சங்கீதம் 13 நல்ல இடம். ஆறே வசனங்கள். முதலில் முறையீடு: "கர்த்தாவே, எதுவரைக்கும்?" முதல் இரண்டு வசனங்களுக்குள் அந்தக் கேள்வி நான்கு முறை வருகிறது. பிறகு விண்ணப்பம்: என்னைப் பாரும், பதில் தாரும், என் கண்களைத் தெளிவாக்கும். கடைசியில் உம்முடைய கிருபையை நம்புகிறேன் என்ற ஒரு தீர்மானம். இதையே உங்கள் வார்த்தைகளில் செய்யுங்கள்:

முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்: ஆண்டவரே, அப்பா, உங்களுக்கு எது வருமோ அது.

அடுத்து நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். "எங்கள் குடும்பத்தை ஆசீர்வதியும்" என்ற பொதுவான பேச்சு இங்கே உதவாது. "மருத்துவர் இன்று மதியம் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொன்னார். நான் உம்மேல் கோபமாக இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் சொல்லுங்கள்.

பிறகு ஒன்றே ஒன்றைக் கேளுங்கள். இன்று வேண்டியது. இரவு வலி குறைய, நாளை அந்தப் பேச்சைத் தாங்க.

முடிவில் நம்பிக்கையின் ஒரு வரி. மனதில் இல்லாததைச் சொல்ல வேண்டாம். "நாளைக்கும் வந்து பேசுவேன்" என்பதே அந்த வரியாக இருக்கலாம்.

அந்தக் கடைசி வரியும் வராத நாள் உண்டா? உண்டு. சங்கீதம் 88 அப்படிப்பட்டது. 18 வசனங்கள், கடைசி வரை இருள். சிநேகிதரும் அறிமுகமானவர்களும் விலகிப்போனார்கள் என்ற சோகத்தோடு அப்படியே முடிந்துவிடுகிறது. ஆனால் அதன் முதல் வரி "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று தொடங்குகிறது. வெளிச்சமே இல்லாத இந்த ஜெபத்தையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். அதனால் உங்கள் ஜெபம் அப்படி முடிந்தால் தப்பாக ஜெபித்துவிட்டதாகக் கலங்காதீர்கள்.

இப்படிப் பேசுவது தேவதூஷணம் ஆகிவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு: சிலுவையில் இயேசுவே, "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று கேட்டார். அது சங்கீதம் 22-ன் முதல் வரி. நம்முடைய இரட்சகர் கேட்ட கேள்வியை நாம் கேட்கக்கூடாது என்று யாரும் சொல்ல முடியாது.

4. நேரத்தை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

மனம் வரும்போது ஜெபிக்கலாம் என்று விட்டால் மனம் வரவே வராது. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், ஒரே நேரம், ஒரே இடம். ஒரு சங்கீதம், நோட்டில் ஒரு வரி, பரமண்டல ஜெபம். அவ்வளவு போதும். பழைய நாட்களில் ஒரு மணி நேரம் ஜெபித்தவராக இருந்தாலும் இப்போது அந்த அளவைக் கட்டாயமாக்காதீர்கள். ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்த நாள் அதைச் சேர்த்துச் செய்யவும் வேண்டாம்.

இரவு இரண்டு, மூன்று மணிக்கு விழிப்பு வந்து மனம் எங்கெங்கோ ஓடும். அந்த நேரத்தில் தேவன் இருக்கிறாரா, நான் இரட்சிக்கப்பட்டவனா என்ற பெரிய கேள்விகளுக்கு முடிவு எடுக்காதீர்கள். கேள்வியை நோட்டில் எழுதிவிட்டு, பகலில் பார்த்துக்கொள்ளலாம் என்று வையுங்கள். சில கேள்விகள் பகலிலும் நிற்கும். அவற்றை ஐந்தாம் படியில் சொல்லும் நபரிடம் கொண்டுபோங்கள்.

5. இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள்

மாற்கு 2-ல் திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவனுடைய விசுவாசம் எவ்வளவு என்று அங்கே யாரும் அளக்கவில்லை. உங்களால் நம்ப முடியாத நாளில் உங்களுக்காக நம்ப ஆட்கள் வேண்டும். அதற்குத்தான் சபை.

எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம். இரண்டு பேர் போதும். ஒருவர் நீங்கள் என்ன சொன்னாலும் அதிர்ச்சி அடையாதவராக, கேட்டதை வெளியே கொண்டுபோகாதவராக இருக்கவேண்டும். உடனே ஜெபக் குறிப்பு என்று சொல்லி வாட்ஸப் குழுவில் போடுபவர் வேண்டாம். இன்னொருவர் போதகர், மூப்பர், பங்குத்தந்தை என்று பொறுப்பில் இருக்கும் ஒருவர். போய்க் கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள். "ஐயா, எனக்கு இப்போது விளக்கம் வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை வந்து என்னோடு ஜெபிக்க முடியுமா?" யாக்கோபு 5:14 வியாதிப்பட்டவனைச் சபையின் மூப்பரை வரவழைக்கச் சொல்கிறது. கூப்பிடுவது உங்கள் உரிமை, வருவது அவர்கள் கடமை.

எங்கள் சபையில் ஒரு மூத்த சகோதரி இருந்தார். எந்தப் பொறுப்பிலும் இல்லை. நாங்கள் மருத்துவமனையில் இருந்தபோது இரவு ஒன்பது மணிக்குப் போன் செய்வார். "நீங்க ஒண்ணும் பேச வேண்டாம் தம்பி, சும்மா கேட்டுக்கிட்டிருங்க" என்பார். ஒரு சங்கீதத்தை நிதானமாக வாசிப்பார். ஆமென் சொல்லி வைத்துவிடுவார். நலமா என்றுகூடக் கேட்கமாட்டார். நான் வராந்தா சுவரில் தலையைச் சாய்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த நாட்களில் என் ஜெபம் அதுதான். அப்படி ஒருவர் கிடைத்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஞாயிறு ஆராதனை கஷ்டமாக இருந்தால் கடைசி வரிசையில் உட்காருங்கள். பாட முடியாவிட்டால் மற்றவர்கள் பாடட்டும். பாதியில் எழுந்து வெளியே போகவேண்டியிருந்தால் போங்கள். திருவிருந்தை மட்டும் முடிந்தவரை விடாதீர்கள். மனம் ஒன்றும் உணராத நாளிலும் கை நீட்டி வாங்க முடியும்.

6. கேட்கப்போகும் வார்த்தைகளுக்குத் தயாராக இருங்கள்

யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாட்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரியாகத்தான் செய்தார்கள். வாயைத் திறந்ததும்தான் எல்லாம் கெட்டது. உங்களிடமும் நல்ல மனதோடுதான் வருவார்கள். ஆனால் சில வார்த்தைகள் உள்ளே போய்த் தங்கி விசுவாசத்தையே அரித்துவிடும். அவற்றுக்குப் பதிலை இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அவர்களோடு வாதாடுவதற்கு இல்லை, உங்கள் மனதுக்காக.

"ஏதாவது மறைவான பாவம் இருக்கும்." பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் இதையேதான் கேட்டார்கள். இவன் செய்த பாவமும் அல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமும் அல்ல என்றார் இயேசு (யோவான் 9). சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றிப் பேசும்போதும், அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கக்கூடாது என்றார் (லூக்கா 13). மனதில் உண்மையாகவே ஒரு பாவம் உறுத்தினால் அறிக்கை செய்து விட்டுவிடுங்கள். உறுத்தாததைத் தோண்டித் தேட வேண்டாம்.

"தாங்க முடியாததை தேவன் தரமாட்டார்." இதற்கு 1 கொரிந்தியர் 10:13-ஐக் காட்டுவார்கள். அந்த அதிகாரம் விக்கிரகாராதனைக்கும் பாவத்துக்கும் இழுக்கும் சோதனையைப் பற்றியது. துன்பத்தைப் பற்றி அதே பவுல் என்ன எழுதுகிறார் என்று 2 கொரிந்தியர் 1:8-ல் பாருங்கள்: "பிழைப்போம் என்கிற நம்பிக்கை அற்றுப்போகத்தக்கதாக, எங்கள் பலத்திற்கு மிஞ்சின அதிக பாரமான வருத்தமுண்டாயிற்று." பலத்துக்கு மிஞ்சித்தான் போகும். மிஞ்சிப்போனதால் நீங்கள் மோசமான விசுவாசி ஆகிவிடவில்லை.

"விசுவாசம் இருந்திருந்தால் குணமாகியிருக்கும்." இதுதான் மிகவும் கொடியது, துக்க வீட்டிலும் இதைச் சொல்கிறார்கள். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டினார். கிடைத்த பதில், "என் கிருபை உனக்குப்போதும்." கெத்செமனேயில் இயேசுவும் இந்தப் பாத்திரம் நீங்கும்படி மூன்று முறை ஜெபித்தார். பாத்திரம் நீங்கவில்லை. இவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று யார் சொல்லத் துணிவார்கள்?

வாக்குத்தத்த வசனங்களை அனுப்புபவர்களும் இருப்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் சுற்றியிருக்கும் வசனங்களையும் படியுங்கள். சமாதானத்துக்கேற்ற நினைவுகளைப் பற்றிச் சொல்லும் எரேமியா 29:11 எல்லோருக்கும் பிடித்த வசனம். அது பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்குப் போன கடிதம். அதற்கு முந்தைய வசனம் 70 வருஷம் ஆகும் என்கிறது. அதைக் கேட்டவர்களில் முதியவர்கள் திரும்பி வந்திருக்க முடியாது. வாக்கு உண்மைதான். நாளைக் காலைக்கான கால அட்டவணையாக மட்டும் அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

7. பணமும் பொருத்தனையும்

இந்த வழிக்கு ரூபாய்க் கணக்கில் செலவு எதுவும் இல்லை. வேதமும் ஜெபமும் இலவசம், உடன் உட்காரும் மனிதருக்குக் கட்டணம் கிடையாது. அற்புதத்துக்குக் காணிக்கைத் தொகை சொல்பவர், "விதை விதையுங்கள்" என்று நோயாளியின் வீட்டில் பணம் கேட்பவர், மருந்தை நிறுத்தினால்தான் விசுவாசம் என்பவர், இந்த மூவரிடமிருந்தும் விலகிப்போங்கள். உங்கள் குடும்பத்தில் யாராவது தவிப்பில் பணம் கட்டக் கிளம்பினால், இரண்டு பேர் சம்மதம் இல்லாமல் எந்தத் தொகையும் கொடுப்பதில்லை என்று வீட்டில் ஒரு முடிவு எடுத்து வையுங்கள்.

பொருத்தனை பண்ணத் தோன்றும். பிள்ளை பிழைத்தால் இதைச் செய்வேன், அதைக் கொடுப்பேன் என்று. "நீ நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைப்பார்க்கிலும், நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம்" என்கிறது பிரசங்கி 5:5. தவிப்பில் செய்யும் பேரம் பின்னால் குற்ற உணர்வாகத் திரும்பி வரும். ஏற்கெனவே செய்துவிட்டு நிறைவேற்ற முடியாமல் தவிப்பவர் போதகரிடம் சொல்லி மனம் ஆறுங்கள்.

வேறு செலவு உண்டு. சில நண்பர்கள் விலகுவார்கள். நல்லவர்களுக்கு நல்லதே நடக்கும் என்று நீங்கள் வைத்திருந்த எண்ணம் உடையும். அது உடையும்போது தேவனே உடைந்துவிட்டதுபோல் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். உடைந்தது எது என்று தெரிய நாளாகும்.

8. எவ்வளவு காலம் ஆகும்?

எல்லோரும் கேட்பது இதைத்தான். முடிவு தேதி கிடையாது. யோசேப்பு 17 வயதில் விற்கப்பட்டு, 30 வயதில் பார்வோன் முன் நின்றார். பெதஸ்தா குளத்தருகே கிடந்தவன் 38 வருஷம் நோயாளி. அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-ல் வெளியானபோது, பல பத்தாண்டுகள் தேவனுடைய பிரசன்னத்தையே உணராமல் அவர் ஜெபித்தும் ஊழியம் செய்தும் வந்தது உலகத்துக்குத் தெரிந்தது. உணர்வு திரும்பாமலே விசுவாசத்தில் முடிந்த வாழ்க்கைகளும் உண்டு.

நேர்கோட்டில் முன்னேறுவோம் என்றும் எதிர்பார்க்காதீர்கள். புலம்பல் புத்தகத்தில் ஐந்து அதிகாரங்கள். "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்ற அருமையான வரி மூன்றாம் அதிகாரத்தில், நடுவில் வருகிறது. அதற்கப்புறமும் இரண்டு அதிகாரம் அழுகை இருக்கிறது. நல்ல வாரம் ஒன்று வந்த பிறகு மறுபடி விழுந்தால், முதலிலிருந்து தொடங்குவதாக எண்ண வேண்டாம்.

முன்கூட்டியே தெரிந்த கடினமான தேதிகள் சில உண்டு: இறந்தவரின் பிறந்தநாள், திருமண நாள், நினைவு நாள், கிறிஸ்துமஸ், ஈஸ்டர். நாட்காட்டியில் குறித்து, அன்று யாரோடு இருப்பது என்று ஒரு வாரம் முன்பே முடிவு செய்யுங்கள்.

"ஏன்" என்ற கேள்விக்குப் பதில் வந்தால்தான் அடுத்த அடி வைப்பேன் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். முதல் இரண்டு அதிகாரங்களில் பரலோகத்தில் நடந்தது யோபுவுக்குக் கடைசி வரை சொல்லப்படவில்லை. அவருக்குக் கிடைத்தது தேவனுடைய சத்தம். கேள்வியை ஜெபத்தில் வைத்துக்கொண்டே நடக்கலாம்.

9. துன்பத்தில் இருப்பவர் உங்களுக்கு வேண்டியவர் என்றால்

லாசரு இறந்து நாலு நாள் கழித்து வந்த இயேசுவிடம் மார்த்தாளும் மரியாளும் ஒரே குறையைச் சொன்னார்கள்: நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்கமாட்டான். சில நிமிடங்களில் லாசருவை எழுப்பப்போகிறவர் அவர். அப்படியிருந்தும் நின்று கண்ணீர் விட்டார். நீங்களும் அதைச் செய்யலாம்.

போய் உட்காருங்கள். வசனம் சொல்லத் தோன்றினால், அவர் கேட்கும் வரை பொறுங்கள். "ஏதாவது வேண்டும் என்றால் சொல்லுங்கள்" என்று விட்டுவந்தால் அவர் சொல்லமாட்டார். "வியாழக்கிழமை நான் மருத்துவமனையில் இருக்கிறேன், நீங்கள் வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள்" என்று நாள் சொல்லுங்கள். அவர் தேவனைத் திட்டினால் திருத்தாதீர்கள். அடக்கத்துக்கு வந்த கூட்டம் ஒரு மாதத்தில் கலைந்துவிடும். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், முதல் நினைவு நாள், இந்த மூன்றையும் இன்றே உங்கள் போனில் குறித்துவைத்து, அந்தந்த நாளில் ஒரு சங்கீதத்தை வாசித்துக்காட்டக் கூப்பிடுங்கள்.